யூதக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க. அனுப்பிவிட்டால் என்ன செய்ய

யூதக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கப் போய் வாசலோடு திரும்புவது எளிதில் நேர்ந்துவிடும். ஊர்விட்டு ஊர் போய், விசாரித்து விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்தால் கதவில் பூட்டுத் தொங்கும். அல்லது காவலர் வெளியே வந்து, இன்று முடியாது என்பார். யூதர் அல்லாதவருக்கு உடனே வரும் நினைப்பு, ‘நாம் வேற்று மதம் என்பதால்தான் விடவில்லை’ என்பது. பிற மதத்தவர் உள்ளே வரக்கூடாது என்று யூத மதச் சட்டத்தில் விதி கிடையாது. தடை வருவது அநேகமாக நாள், நேரம், முன்கூட்டிச் சொல்லாதது, பாதுகாப்பு இவற்றில் ஒன்றால்தான். பாதுகாப்பைத் தவிர மற்றதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் நாள்காட்டி

சனிக்கிழமை போகாதீர்கள். வாசலோடு திரும்பியவர்களில் நிறையப் பேர் செய்த தவறு இது ஒன்றுதான். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே, பொதுவான வழக்கப்படி 18 நிமிடம் முன்பு, விளக்கேற்றுவதோடு தொடங்குகிறது. சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அன்று துக்கத்தை வெளிக்காட்டக் கூடாது, கல்லறைக்குப் போகக் கூடாது, ஊழியரும் வேலை செய்யக் கூடாது. அதனால் கதவு திறக்காது. சுற்றுலாப் பயணிக்கு ஞாயிறு விடுமுறை என்றுதான் மனத்தில் பதிந்திருக்கும். இங்கே ஞாயிறு சாதாரண வேலைநாள். உறவினர் அதிகம் வருவதும் அன்றுதான்.

வெள்ளிக்கிழமையிலும் கவனம் வேண்டும். மாலை ஐந்து மணி வரை என்று பலகை சொன்னாலும் அது பெரும்பாலும் ஞாயிறு முதல் வியாழன் வரைக்கான நேரம். வெள்ளியன்று பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். பெர்லினில் டிசம்பரில் சூரியன் மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. காவலர் அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். உள்ளே கடைசியாக அனுமதிக்கும் நேரம் மூடும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே முடிந்துவிடும். ஆகவே வெள்ளி என்றால் காலை பத்து மணிக்குள் வாசலில் இருக்குமாறு திட்டமிடுங்கள். வேறு நாள் கிடைத்தால் வெள்ளியையே விட்டுவிடுவது மேல்.

அடுத்து பண்டிகைகள். யூத நாள்காட்டி சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது. அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு வாரக்கணக்கில் நகரும். புத்தாண்டான ரோஷ் ஹஷானா 2023இல் செப்டம்பர் 16, 17. 2024இல் அக்டோபர் 3, 4. 2025இல் செப்டம்பர் 23, 24. போன ஆண்டு போய்வந்தவர் சொன்ன தேதியை நம்பிப் போனால் இதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு கண்ணி, யூத நாள் முந்தின மாலையிலேயே பிறந்துவிடுவது. நாள்காட்டியில் வியாழன் பண்டிகை என்று போட்டிருந்தால் புதன் பிற்பகலிலேயே கதவு சாத்திவிடும்.

பயணிகளை அதிகம் ஏமாற்றுவது இலையுதிர் காலம். ரோஷ் ஹஷானாவோடு தொடங்கும் திஷ்ரி மாதத்தின் முதல் 23 நாளில், இஸ்ரேலுக்கு வெளியே, ரோஷ் ஹஷானா இரண்டு நாள், பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் ஒரு நாள், கூடாரப் பண்டிகையின் முதல் இரண்டு நாள், அதன் முடிவில் வரும் இரண்டு நாள் என்று ஏழு நாள் முழு அடைப்பு. ஓய்வுநாள்கள் இவற்றோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். ஒவ்வொன்றின் முந்தின நாளும் அரை நாள்தான். கூடாரப் பண்டிகைக்கு இடைப்பட்ட நாள்களில் சில சமூகங்கள் திறக்கும், சில திறப்பதில்லை. வசந்தத்தில் பஸ்கா, வெளிநாடுகளில் எட்டு நாள், இஸ்ரேலில் ஏழு. அதன் முதல் நாள்களும் கடைசி நாள்களும் அடைப்பு; பஸ்கா வருகிற நிசான் மாதம் முழுக்கவே கல்லறைக்குப் போகாத வழக்கமும் சிலரிடம் உண்டு. அதற்கு ஏழு வாரம் கழித்து ஷாவுவோத், அதாவது வாரங்களின் பண்டிகை, ஒன்றோ இரண்டோ நாள்.

ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின மாதமான எலூல் நேர்மாறானது. குடும்பங்கள் முன்னோரின் கல்லறைக்கு வருகிற காலம் அது. கதவு திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். ஆவணம் தேடித் தரச் சொல்லி அலுவலகத்தைக் கேட்க மிகவும் பொருத்தமற்ற மாதம் இதுதான். உங்கள் காரியம் ஆராய்ச்சி என்றால் வேறு மாதத்துக்குத் தள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு காலை உங்களைத் திருப்பி அனுப்பலாம்: உள்ளே அடக்கம் நடந்துகொண்டிருக்கும். யூத வழக்கத்தில் இறந்தவரை முடிந்தவரை தாமதமின்றி, பெரும்பாலும் மறுநாளுக்குள், அடக்கம் செய்துவிடுவார்கள். அதனால் முந்தின வாரம் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கே அது தெரிந்திருக்காது. கிளம்புகிற அன்று காலை ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். புயல் காற்றோ கடும் பனியோ இருந்தாலும் இதே அழைப்பு உதவும். பழைய தோட்டங்களில் பெரிய மரங்கள் கிளை முறிந்து விழும். அந்த நாள்களில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

எந்தத் தோட்டம், யார் பொறுப்பு

‘யூதக் கல்லறை’ என்று வரைபடத்தில் தேடி முதலில் வருவதற்குப் போய்விடாதீர்கள். ஒரே நகரத்தில் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் இருக்கும். பிராகில் நகர மையத்தில் இருக்கும் பழைய யூதக் கல்லறை அருங்காட்சியகத்தின் கையில் இருக்கிறது, நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அங்கே இருக்கும் மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டினது. 1787க்குப் பிறகு அங்கே யாரையும் புதைக்கவில்லை. 1924இல் இறந்த எழுத்தாளர் காஃப்காவை அங்கே தேடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர் இருப்பது ஜெலிவ்ஸ்கெஹோ மெட்ரோ நிலையத்தின் அருகே, 1890இல் திறந்த புதிய யூதக் கல்லறையில். பெர்லினிலும் அப்படித்தான். ஷோன்ஹவுசர் அலேயில் இருப்பது 1827இல் தொடங்கியது. ஓவியர் மாக்ஸ் லீபர்மான் அங்கே இருக்கிறார். வைசென்சேயில் இருப்பது 1880இல் தொடங்கியது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்டது. தவறான தோட்டத்துக்குப் போய் ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை’ என்று கேட்டுத் திரும்புவதும் வாசலோடு திரும்புவதுதான்.

யார் நிர்வகிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அணுகுமுறை மாறும். இன்றும் அடக்கம் நடக்கிற தோட்டம் என்றால் உள்ளூர் யூதச் சமூகத்தின் அலுவலகத்தையோ ஹெவ்ரா கடிஷா என்னும் அடக்கச் சங்கத்தையோ கேட்க வேண்டும். அருங்காட்சியகம் நடத்துகிற இடம் என்றால் சீட்டும் திறப்பு நேரமும் போதும். நகராட்சிக் கல்லறைக்குள் யூதப் பகுதி இருந்தால் நகராட்சி நேரமே செல்லும். பாரிசின் பெர் லாஷேஸில் யூதர்களின் கல்லறைகளைச் சனிக்கிழமையும் பார்க்க முடிவது அதனால்தான். பார்க்க முடிகிறது என்பதற்காக அன்று போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. இறந்தவரின் குடும்பத்தோடு சேர்ந்து போவதாக இருந்தால் சனியைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காவது வகைதான் தொல்லை. அடக்கம் நின்று நூறு, இருநூறு ஆண்டு ஆகி, எப்போதும் பூட்டியே இருக்கிற பழைய தோட்டம். லண்டன் வைட்சாப்பலில் 1761இல் தொடங்கிய பிரேடி தெருக் கல்லறை உயர்ந்த மதிலுக்குள் இருக்கிறது. வங்கியாளர் நேதன் மேயர் ராத்சைல்டு 1836இல் அடக்கமானது அங்கேதான். முன்னேற்பாடு இல்லாமல் கதவு திறக்காது. நியூயார்க் மன்ஹாட்டனில் ஷியரித் இஸ்ரேல் சபையின் முதல் கல்லறையும் இப்படியே. 17ஆம் நூற்றாண்டினது, கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். வியன்னாவில் 1784இல் தொடங்கிய வேரிங் கல்லறையில் கல்லும் மரமும் எப்போது சாயும் என்று சொல்ல முடியாத நிலை. வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. அதே வியன்னாவில் சேகாசே தெருவின் பழங்கல்லறைக்கு வழி ஒரு முதியோர் இல்லத்தின் உள்ளே போகிறது. தெருவில் நின்று சுற்றிச் சுற்றித் தேடினால் கதவே கிடைக்காது.

தேடும்போது பெயர்களும் குழப்பும். எபிரேயத்தில் பெய்த் க்வாரோத் என்றால் கல்லறைகளின் வீடு. பெய்த் ஓலாம் என்றால் நித்திய வீடு. பெய்த் ஹாயிம் என்றால் உயிரின் வீடு. இறந்தோர் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்த மனத்தை எண்ணிப் பார்க்கலாம். ஜெர்மனியில் ‘நல்ல இடம்’ என்று பொருள்படும் பழம்பெயரும் வழங்குகிறது. போலந்தில் கிர்குட் என்பார்கள். வரைபடத்தில் இந்தப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்க் கல்லறைகளுக்கு இ.எஸ்.ஜே.எஃப். அமைப்பின் தளத்தைப் பார்க்கலாம். 2015இல் தொடங்கிய அது கல்லறைகளை ட்ரோன் வைத்து அளந்து, வேலி போட்டுவருகிறது. மதில் இருக்கிறதா, எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்ற விவரங்கள் அங்கே கிடைக்கும். போலந்துக்கு 2002இல் தொடங்கிய யூதப் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை இருக்கிறது. தனி ஆளின் கல்லறையைத் தேட, யூதக் குடும்ப வரலாற்றுக்கான ஜூயிஷ்ஜென் தளத்தின் உலக அடக்கப் பதிவேட்டில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இலவசம், பெயரைப் பதிந்துகொண்டால் போதும்.

அனுமதி கேட்டு எழுதுவது

குறைந்தது இரண்டு வாரம் முன்பு மின்னஞ்சல் அனுப்புங்கள். பண்டிகைக் காலத்துக்கு அருகில் என்றால் ஒரு மாதம் முன்பு. தொலைபேசி என்றால் திங்கள் முதல் வியாழன் வரை, முற்பகலில். பல அலுவலகங்களில் ஒரே ஒருவர்தான் எல்லா வேலையும் பார்க்கிறார். நீண்ட கடிதத்தை அவர் ஒதுக்கி வைத்துவிடுவார். பத்து வரிக்குள் இருந்தால் அன்றே பதில் வரும்.

எழுத வேண்டியவை: நீங்கள் யார், எத்தனை பேர், எந்த நாள், அது முடியாவிட்டால் எந்த மாற்று நாள், எதற்காக, கையில் இருக்கும் தொலைபேசி எண். குறிப்பிட்ட ஒருவரின் கல்லறை என்றால் அவருடைய முழுப்பெயர், பெண்ணாக இருந்தால் பிறந்தகக் குடும்பப்பெயர், இறந்த தேதி, தெரிந்தால் எபிரேயப் பெயரும் தகப்பனார் பெயரும். பழைய பதிவேடுகளில் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்றுதான் பதிந்திருக்கும். தினமும் வழங்கிய பெயரைச் சொன்னால் ஏட்டில் அகப்படாமல் போகும். குடும்பப்பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் கொடுங்கள். நாடு மாறியவர்களின் பெயர் கடலைக் கடக்கும்போதே மாறியிருக்கும்.

குடும்பத்தாரிடம் எபிரேயத் தேதி மட்டும் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளும் கணக்கு எளிது. ஆண்டை எழுத்துகளால் குறிப்பார்கள், ஐயாயிரத்தை விட்டுவிடுவார்கள். தாவ் 400, ரேஷ் 200, ட்சாதி 90, ஹேத் 8: கூட்டினால் 698. அதோடு 1240 சேர்த்தால் 1938. மாதம் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றால் 1239 மட்டும் சேருங்கள், ஏனென்றால் யூத ஆண்டு இலையுதிர் காலத்திலேயே பிறந்துவிடுகிறது. அடுத்து வரும் தேவேத் மாதம் ஆங்கிலப் புத்தாண்டின் இருபுறமும் விழும். அதற்கு மட்டும் இணையத்தில் தேதி மாற்றும் கருவியைப் பாருங்கள்.

பதிலில் பகுதி, வரிசை, கல்லறை எண் மூன்றும் வாங்கிவிடுங்கள். நியூயார்க்கின் பெரிய தோட்டங்களில் இது போதாது. ஒரே ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் சங்கமாகச் சேர்ந்து மனை வாங்கியிருப்பார்கள். சங்கத்தின் பெயர், அதன் வாயில் எண் எல்லாம் தெரிந்தால்தான் இடம் கிடைக்கும். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். காவலர் உங்கள் கைப்பேசியை வாங்கிப் படிக்க மாட்டார், தாளைப் படிப்பார்.

வாசலில்

அடையாள அட்டை கேட்பார்கள், பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், யாரைப் பார்க்க வந்தீர்கள், இந்த இடம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சின் சார் யூனியனில் 2015 பிப்ரவரியில் சுமார் 250 கல்லறைகளைச் சேதப்படுத்தினார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே 2017 பிப்ரவரியில் 150க்கும் மேற்பட்ட கற்களைச் சாய்த்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் அன்று, தொழுகைக்கூடத்தின் கதவை உடைக்க முடியாத துப்பாக்கிக்காரன் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் வெடிபொருள் வீசினான். வாசலில் நிற்பவர் இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் உங்களைப் பார்க்கிறார்.

ஆகவே சிறிய பை, பாஸ்போர்ட் போன்ற படம் உள்ள அட்டை, அச்செடுத்த அனுமதி, கல்லறை எண். இவ்வளவு போதும். பெரிய முதுகுப்பை, முக்காலி, ட்ரோன், நாய் எதையும் கொண்டு போகாதீர்கள். கதவையும் காவலரையும் கேமராவையும் படம் பிடித்தபடி வாசலில் உலாவினால் அனுமதி இருந்தாலும் போய்விடும். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்: “நான் இன்னார், இன்ன பெயருடையவரின் கல்லறையைப் பார்க்க வந்திருக்கிறேன், அலுவலகத்துக்கு இன்ன தேதியில் எழுதியிருந்தேன்.” யாருடைய கல்லறையும் குறிப்பாக இல்லை, இடத்தைப் பார்க்க வந்தோம் என்றால் அதையே நேராகச் சொல்லுங்கள். உறவினர் என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வி பெயராக இருக்கும், அதற்கடுத்தது தகப்பனார் பெயராக இருக்கும்.

முடியாது என்று சொல்லிவிட்டால் வாதாட வேண்டாம். விதியை மாற்றும் அதிகாரம் வாசலில் இருப்பவரிடம் இல்லை. மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். தடை இன்றைக்கு மட்டுமா, எப்போதுமா? அனுமதி தருவது யார், அவருடைய எண் என்ன? அடுத்து எந்த நாள், எத்தனை மணிக்கு வரலாம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் வந்தது வீண் இல்லை. கையில் பணம் திணிக்கப் பார்க்காதீர்கள். அது சந்தேகத்தைத்தான் கூட்டும்.

சில தோட்டங்கள் தனியார் சபைக்குச் சொந்தம்; உறவினரைத் தவிர யாரையும் விடுவதில்லை என்று அவர்கள் முடிவு செய்யலாம், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பொதுவாகத் திறந்திருக்கும் இடத்தில், மற்றவர்கள் உள்ளே போகும்போது, தோற்றத்தையோ மதத்தையோ வைத்து உங்களை மட்டும் நிறுத்தினார்கள் என்று தோன்றினால் விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், எந்த வாயில், என்ன சொன்னார்கள் என்று அப்போதே குறித்துக்கொண்டு, அன்றே சமூக அலுவலகத்துக்கு எழுதுங்கள். கோபத்தை விட்டு விவரத்தை மட்டும் எழுதினால் பதில் வரும்.

பூட்டிய கதவும் சாவியும்

காவலரே இல்லாத சிற்றூர்த் தோட்டத்தில் முதலில் கதவைச் சுற்றிப் பாருங்கள். சாவி யாரிடம் என்று ஒரு தகடோ பலகையோ இருக்கலாம். ஜெர்மன் மொழியில் ‘ஷ்லுசெல்’, போலிஷ் மொழியில் ‘க்லுச்’ என்ற சொல்லும் அருகில் ஓர் எண்ணும் இருந்தால் அது சாவிக்கான குறிப்பு. பலகை இல்லாவிட்டால் ஊராட்சி அலுவலகம், உள்ளூர் அருங்காட்சியகம், கடைசியாக எதிர்வீடு. எதிர்வீட்டில் இருப்பவரே பல இடங்களில் புல்லையும் வெட்டி, கதவையும் பார்த்துக்கொள்கிறார். ஊராட்சி அலுவலகத்தில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டோ ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டோ சாவி தருவார்கள். அந்த அலுவலகம் மூடும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் கிளம்பினால் அட்டை உள்ளே, நீங்கள் வெளியே என்று ஆகிவிடும்.

உள்ளே போனதும் கதவை மூடிவிடுங்கள். திரும்பும்போது பூட்டி, இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்த பூட்டுத் திறக்காவிட்டால் கல்லால் தட்டாதீர்கள், சாவி முறியும். சாவி வைத்திருந்தவரிடம் திரும்பிச் சொன்னால் அவருக்கு அதன் பக்குவம் தெரிந்திருக்கும்.

மதிலேறிக் குதிப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. சட்டப்படி அத்துமீறல் என்பது ஒரு காரணம். பழைய தோட்டங்களில் மதிலை ஒட்டியும் கல்லறைகள் இருக்கும், கல் மண்ணுக்குள் அமிழ்ந்துபோய் மேலே புல் மட்டும் தெரியும். குதித்தால் நிற்பது ஒருவரின் மேல். யூத நம்பிக்கையில் கல்லறை எத்தனை நூற்றாண்டு ஆனாலும் இறந்தவருக்கே சொந்தம். எலும்பை எடுத்து அந்த இடத்தை மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பிராகின் பழைய கல்லறையில் இடம் போதாமல் போனபோது பழையதைத் தோண்டாமல் மேலே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். கற்கள் நெருக்கியடித்து நிற்பது அதனால்தான். அவ்வளவு பொறுப்பாகக் காத்த நிலத்தில் குறுக்குவழி தேடக் கூடாது.

கோஹேன் குடும்பத்தவர்

வாசலில் ‘கோஹேன்கள் உள்ளே வர வேண்டாம்’ என்ற பலகை இருந்தால் அது முதல் தலைமை ஆசாரியரான ஆரோனின் ஆண் வழியில் வந்த ஆசாரியர், அதாவது பழங்கால ஆலயப் பூசாரிகளின் குலத்தாருக்கு. விவிலியத்தின் லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின்படி அவர்கள் பிணத்தால் தீட்டுப்படக் கூடாது. தாய், தகப்பன், மகன், மகள், சகோதரன், மணமாகாத சகோதரி, மனைவி ஆகிய ஏழு பேரின் அடக்கத்துக்கு மட்டும் விலக்கு. பின்னால் கல்லறையைப் பார்க்க வருவதற்கு அது பொருந்தாது. அக்குலத்துப் பெண்களுக்கு இந்தத் தடை இல்லை.

நீங்கள் யூதரல்லாதவராக இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். உங்களோடு வருகிற யூத நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அவர் கல்லறையிலிருந்து நான்கு முழம், ஏறக்குறைய இரண்டு மீட்டர், தள்ளி நிற்க வேண்டும். கல்லறையின் மேல் படர்ந்த மரக்கிளை வெளியே தெருவரை நீண்டிருந்தால் அதன் அடியிலும் நிற்கக் கூடாது. பல தோட்டங்களில் கோஹேன்களைப் பாதையோரத்திலேயே அடக்கம் செய்திருப்பார்கள், பிள்ளைகள் தூரத்தில் நின்றாவது பார்க்கட்டும் என்று. விரித்த இரு கைகள் செதுக்கிய கல் கோஹேனுடையது. நீர்க்குடுவை செதுக்கியது, ஆசாரியருக்கு உதவிய லேவியர் குலத்தாருடையது.

உள்ளே போனபின்

பாதியில் வெளியே அனுப்பப்படுவதும் நடக்கும். ஆண்கள் தலையை மூட வேண்டும். எந்தத் தொப்பியும் போதும். வாசலில் இரவல் குல்லாய் இருந்தால் எடுத்துக்கொண்டு திரும்பும்போது வைத்துவிடுங்கள், இல்லாத இடங்களுக்காக ஒன்றைப் பையில் வைத்திருங்கள். முழங்கையும் முழங்காலும் மூடிய உடை எல்லோருக்கும் நல்லது. தின்பது, குடிப்பது, புகைப்பது, கல்லறைமேல் உட்காருவது, கற்களுக்கு நடுவே குறுக்கே நடப்பது எதுவும் கூடாது. இறுதி ஊர்வலம் வந்தால் ஒதுங்கி நின்று, தன்னைக் கடந்தபின் நான்கு முழமாவது அதோடு நடப்பது அவர்கள் மரபு. படம் எடுப்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

எழுத்துத் தேய்ந்த கல்லைப் படிக்கச் சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை, கம்பித் தூரிகை எதையும் பயன்படுத்தாதீர்கள், கல் அரித்துப்போகும். சிறிது தண்ணீரும் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டும் கண்ணாடியின் ஒளியும் போதும். சாய்ந்த கல்லின்மேல் கை ஊன்றாதீர்கள், அது நூற்றுக்கணக்கான கிலோ. மண்ணில் எலும்பு தெரிந்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

பூவுக்குப் பதில் சிறு கல் ஒன்றை வைப்பது வழக்கம். வேறொரு கல்லறையில் இருக்கும் கல்லை எடுத்து வைக்கக் கூடாது. பாதையில் கிடப்பதை எடுங்கள். வெளியே வரும் வழியில் இரண்டு கைப்பிடி உள்ள குவளையும் குழாயும் இருந்தால் வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றி மூன்று முறை நீர் ஊற்றிக் கழுவுவார்கள். குவளையைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்துவிட வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

கடைசிவரை உள்ளே போக முடியாவிட்டால்

ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. அப்போதும் சில வழிகள் உண்டு. அலுவலகத்துக்குக் கல்லறை எண்ணைக் கொடுத்து, ஊழியர் யாராவது படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வார்கள். ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் படம் வேண்டிக் கோரிக்கை பதியலாம். அந்த ஊரில் இருக்கும் தன்னார்வலர் யாராவது போகும்போது எடுத்துப் போடுவார். பகுதி, வரிசை, எண் மூன்றையும் கோரிக்கையில் எழுதியிருந்தால்தான் அது நடக்கும். பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கான கற்களுக்கு நடுவே அவரால் தேட முடியாது.

இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷ் ஜெபத்துக்குப் பத்துப் பேர் கூட வேண்டும், ஆகவே அது வாசலில் தனியாக நிற்பவருக்கு ஆகாது. விவிலியத்தில் உள்ள சங்கீதங்கள் என்னும் துதிப்பாடல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 130ஆம் சங்கீதத்தையோ, இறந்தவரின் பெயரில் உள்ள எபிரேய எழுத்துகளுக்கு ஏற்ற 119ஆம் சங்கீதத்தின் பகுதிகளையோ மதிலுக்கு வெளியே நின்று வாசிக்கலாம். கொண்டுவந்த கல்லை மதிலுக்கு மேலே எறியாதீர்கள். அடுத்து யாருக்குக் கதவு திறக்கிறதோ அவரிடம் கொடுத்தனுப்புங்கள், கல்லறை எண் எழுதிய சீட்டோடு.